பெயர்ப்பலகை இல்லாத மோட்டர் கொன்ட்ரோலர்: சோதித்து இணைப்பதா, மாற்றிவிடுவதா?

காத்தான்குடியில் தையற்கடை நடத்தும் ஒருவர், வாழைச்சேனையில் மீன் ஏற்றும் முச்சக்கர வண்டிக்காரர், அக்கரைப்பற்றில் பழைய ஸ்கூட்டரொன்றை மின்சாரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும் மாணவர் ஆகிய மூவரும் அண்மையில் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மூவரிடமும் இருப்பது அலுமினியப் பெட்டிக்குள் அடைத்த ஒரு கொன்ட்ரோலர், அதாவது பற்றரியின் மின்னை மோட்டருக்கு அளந்து விடும் சாதனம். ஒன்றில் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது. இன்னொன்றில் "60 வோல்ட்" என்பதைத் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை. மூன்றாவதில் எழுத்தே இல்லை. உள்ளிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வயர்கள் தொங்குகின்றன, விற்றவரிடம் வரைபடம் கிடையாது. இதைச் சோதித்து இணைப்பதா, அல்லது செலவழித்து வேறொன்றை வருவிப்பதா என்பதுதான் கேள்வி.

இந்த நிலைமைக்கு ஒரு பின்னணி உண்டு. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருள் வரிசைகளும், அதன்பின் கியூஆர் குறியீட்டுப் பங்கீடும் வந்தபோது, முன்னரே நாட்டுக்குள் வந்திருந்த மின்சார ஸ்கூட்டர்களின் பக்கம் பலரும் திரும்பினார்கள். புதியது வாங்க வழியில்லாத அந்த ஆண்டுகளில் இருந்தவற்றையே பிரித்தும் சேர்த்தும் ஓடினோம். ஒரு வண்டியின் மோட்டரும் இன்னொன்றின் கொன்ட்ரோலரும் மூன்றாவதன் பற்றரியும் சேர்ந்த வண்டிகள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்கு எந்தக் கையேடும் பொருந்தாது.

பல ஆண்டுகளாக இவற்றைத் திருத்திவருபவன் என்ற வகையில் நான் கண்டது இது: பெயரில்லாத கொன்ட்ரோலரின் வயர்களைப் பொறுமையிருந்தால் எவரும் கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடிக்கக் கடினமானவை அதன் எல்லைகள். எத்தனை வோல்ட்டுக்கு மேல் அது எரியும், எத்தனை வோல்ட்டுக்குக் கீழே பற்றரியைத் துண்டிக்கும், மோட்டருக்குள் எத்தனை அம்பியரைத் தள்ளும் என்பவற்றை வயரின் நிறம் சொல்லாது. அந்த எல்லைகள் உங்கள் வண்டிக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தே தெரிவு அமைய வேண்டும். விலை அதற்குப் பின்னர்தான்.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதலாவது பற்றரி. ஐந்து ஈய அமில பற்றரிகளைத் தொடராக இணைத்த 60 வோல்ட் வண்டியில், ஒரு பற்றரிக்கு 10.5 வோல்ட் என்ற கணக்கில் 52.5 வோல்ட் கீழெல்லை. இந்த வகைக்கென்று செய்த கொன்ட்ரோலர்கள் அதையொட்டியே துண்டிக்கும். அதே வண்டிக்கு 20 செல்கள் கொண்ட லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியை மாற்றினால், 52.5 வோல்ட் என்பது ஒரு செல்லுக்கு 2.6 வோல்ட் அளவில் வந்துவிடுகிறது. அது அந்தச் செல்லின் அடிமட்டத்துக்கு மிக அருகில். கொன்ட்ரோலர் காப்பாற்ற வேண்டிய வேலையை பி.எம்.எஸ் (லித்தியம் பற்றரியின் செல்களைக் காக்கும் மின்சுற்று) ஒவ்வொரு நாளும் செய்ய நேரிடும், நடுவீதியில் எச்சரிக்கையின்றி வண்டி நிற்கும். மேலெல்லையிலும் இதே சிக்கல் உண்டு. 20 செல்கள் கொண்ட சாதாரண லித்தியம் அயன் பற்றரி முழுச் சார்ஜில் 84 வோல்ட்டைத் தொடும். அதை 60 வோல்ட் கொன்ட்ரோலரில் இணைப்பது பெரும் ஆபத்து.

இரண்டாவது, சுமையும் பாதையும். நமது கிழக்குக் கரையோரம் தட்டையானது. கல்லடிப் பாலம், ஓட்டமாவடிப் பாலம் போன்ற இடங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை. ஆகவே மலைநாட்டு வண்டி படும் பாட்டை நமது வண்டி படுவதில்லை. ஆனால் கடற்கரையை அண்டிய மணல் ஒழுங்கைகளில் சுமையோடு நின்று கிளம்பும்போது, சக்கரம் மெதுவாகச் சுற்ற, மோட்டர் வயர்களில் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகிறது. அந்த வேளையில் பற்றரியிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு அம்பியர் மோட்டருக்குள் ஓடும். கொன்ட்ரோலர் பெரும்பாலும் எரிவது அங்கேதான்.

மூன்றாவது, மழையும் உப்பும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தேங்கிய நீரைக் கடந்து போகாத வண்டி நம்மிடம் இல்லை. நான்காவதாக, கருவியும் நேரமும். ஐந்தாவதாக, பழுதானால் அடுத்த நாள் என்ன செய்வீர்கள் என்பது. வண்டியே பிழைப்பானவருக்கு இது முதலாவதாகவும் ஆகலாம்.

தெரிவு ஒன்று: இருப்பதையே சோதித்து இணைப்பது

இதுபற்றி நீளமாக எழுதுகிறேன். பெரும்பாலானோர் இதைத்தான் செய்யப்போகிறார்கள். பெரும்பாலானோர் தவறு செய்வதும் இதில்தான்.

கையில் டயோட் சோதனை வசதியுள்ள ஒரு மல்டிமீற்றர் இருந்தால், தடித்த ஐந்து வயர்களும் (பற்றரிக்கு இரண்டு, மோட்டருக்கு மூன்று) ஒரே நிறமாக இருந்தாலும் அவற்றை இனங்காணலாம். பற்றரி இணைக்காமல், உள்ளேயுள்ள கெப்பாசிற்றரின் மின்னூட்டம் வடிந்த பிறகு அளவிடுங்கள். மீற்றரின் சிவப்பு முனையை பற்றரியின் மறை வயரில் வைத்துக் கறுப்பு முனையால் மூன்று மோட்டர் வயர்களையும் தொட்டால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.4 முதல் 0.6 வோல்ட் காட்டும். கறுப்பு முனையை நேர் வயரில் வைத்துச் சிவப்பால் மோட்டர் வயர்களைத் தொட்டாலும் அப்படியே. மூன்றும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் அதன் மொஸ்பெட் (மோட்டருக்குப் போகும் மின்னைத் திறந்து மூடும் மின்னணு ஆளி) எரிந்திருக்கிறது. மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம். மூடியைத் திறக்க முடிந்தால், கெப்பாசிற்றரின் பக்கத்தில் ஓடும் கோடு மறை முனையைக் காட்டும். அதன்மேல் அச்சிட்ட வோல்ட் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 63 என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டி 60 வோல்ட் பற்றரிக்கு உரியதல்ல, வெளியே யார் என்ன எழுதியிருந்தாலும்.

அடுத்தது சாவி வயர். பெரும்பாலும் மெல்லிய சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். பற்றரியின் முழு வோல்ட்டும் அதற்குப் போனால்தான் கொன்ட்ரோலர் விழிக்கும். முதன்முறை இணைக்கும்போது 5 அம்பியர் பியூஸ் ஒன்றைத் தொடரில் வையுங்கள். விழித்ததும் ஐந்து வயர் கொண்ட ஹோல் சொக்கற்றிலும் (மோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் ஹோல் சென்சர்களுக்குரியது), மூன்று வயர் கொண்ட ஆக்சிலேட்டர் சொக்கற்றிலும் 5 வோல்ட்டை ஒட்டிய அளவு கிடைக்கும். ஆக்சிலேட்டரின் சமிக்ஞை, விட்ட நிலையில் 1 வோல்ட்டை ஒட்டியும் முழுதாக முறுக்கினால் 4 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். இங்கே உயிராபத்தான ஒரு விடயம் உண்டு: ஆக்சிலேட்டரின் மறை வயர் அறுந்தால் சமிக்ஞை தானாகவே உயர்ந்து, முழு வேகம் கேட்பதாகக் கொன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். நல்ல கொன்ட்ரோலர் அதைப் பிழையென்று கண்டு நிறுத்தும். உங்களுடையது என்ன செய்கிறது என்பதைச் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து அந்த வயரைக் கழற்றிப் பார்த்தே தீர வேண்டும். சக்கரம் பாய்ந்தால் அந்தப் பெட்டியில் மனிதரை ஏற்ற வேண்டாம்.

ஹோல் சென்சர்களைச் சோதிக்கையில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மூன்று சமிக்ஞைகளும் மாறி மாறி 0க்கும் 5க்கும் போக வேண்டும். சென்சர் சமிக்ஞைகளுக்கிடையே 120 பாகை இடைவெளி உள்ள மோட்டரில் மூன்றும் ஒரேநேரத்தில் உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்காது. அப்படி வந்தால் 60 பாகை அமைப்பாக இருக்கலாம், அல்லது ஒரு சென்சர் செத்திருக்கலாம்.

இனி மூன்று மோட்டர் வயர்கள். நிறத்துக்கு நிறம் பொருத்தினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு; வேறு வேறு ஆலையில் செய்த மோட்டருக்கும் கொன்ட்ரோலருக்கும் அது செல்லாது. ஹோல் வயர்களை மாற்றாமல் மோட்டர் வயர்களை மட்டும் மாற்றினால் ஆறு வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றே சரியானது. மூன்றில் சக்கரம் நடுங்கும் அல்லது அசையாது. மீதி இரண்டுதான் ஏமாற்றுபவை: சரியான இணைப்பு சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில், பாதி விசையோடும் மிகுந்த மின்னோட்டத்தோடும் சக்கரம் சுற்றும். சரியான இணைப்பு உங்கள் வண்டியில் பின்னோக்கிச் சுற்றுவதாக அமைந்துவிட்டால், தவறான இந்த இரண்டுமே முன்னோக்கிச் சுற்றும். அனுபவமில்லாதவர் அவற்றில் ஒன்றையே சரியென்று எண்ணி இன்சுலேசன் நாடாவைச் சுற்றிவிடுவார்.

நானும் அப்படிச் செய்திருக்கிறேன். அயல்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நன்றாகவே சுற்றியது. சற்று இரைச்சல் இருந்ததைப் பழைய மோட்டரின் குணமென்று தள்ளிவிட்டேன். கல்லடிப் பாலத்தின் நடுவில் புகை வந்து வண்டி நின்றது. பின்னிருக்கையில் அவருடைய மகள் இருந்தாள். அன்றிலிருந்து, வயரைக் கவ்விப் பிடித்து டீசி மின்னோட்டம் காட்டும் கிளம்ப் மீற்றர் இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை. சுமையின்றிச் சுற்றும் மோட்டர், சரியான இணைப்பில் சில அம்பியருக்குள்தான் எடுக்கும். தவறான இணைப்பில் அதைப்போலப் பல மடங்கு எடுக்கும், ஒலியும் கரகரக்கும். ஆறு வழிகளிலும் அளந்து மிகக் குறைந்ததைத் தெரிந்தெடுங்கள். அது பின்னோக்கிச் சுற்றினால், ஹோல் சமிக்ஞை வயர்களில் இரண்டை இடம் மாற்றி ஆறு வழிகளையும் மீண்டும் தேடுங்கள். சில கொன்ட்ரோலர்களில் ஒரே நிறத்தில் தனியாகத் தொங்கும் இரண்டு வயர்கள் இருக்கும். அவற்றை இணைத்துச் சாவியைப் போட்டால் சக்கரம் தானாகச் சுற்றிப் பொருத்தத்தைக் கற்றுக்கொள்ளும். திசை மாறியிருந்தால் கழற்றி மீண்டும் இணைக்க வேண்டும். முடிந்ததும் பிரித்து வைக்க வேண்டும். இந்த வசதி உள்ள பெட்டி கிடைத்தால் அரைநாள் வேலை மிச்சம்.

இவ்வளவும் முடிந்த பின்னரும் எல்லைகள் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். கீழெல்லையை, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்வழங்கி இருந்தால் மெல்லக் குறைத்து அறியலாம். பற்றரி மின்னோட்டத்தின் உச்சத்தைப் பாலம் ஏறும்போது கிளம்ப் மீற்றரில் அறியலாம். மோட்டர் வயர்களின் உச்சம், வெப்பம் எவ்வளவு ஏறினால் தானாகக் குறைக்கும், பிரேக் பிடிக்கையில் மின்னை பற்றரிக்குத் திருப்புமா என்பவை இருளிலேயே இருக்கும். கடைசியாகச் சொன்னதை இலேசாக எடுக்க வேண்டாம். நிறைந்த லித்தியம் பற்றரிக்கு மின் திரும்பிவர, பி.எம்.எஸ் அதை மறுத்துத் துண்டித்தால், எழும் வோல்ட் போக இடமின்றி மொஸ்பெட்டுகளை உடைக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சேர்த்துப் பாருங்கள். கிளம்ப் மீற்றர், டீசிக்கென்றே செய்த பிரேக்கர் (வீட்டுக்குப் பூட்டும் ஏசி பிரேக்கர் இங்கே துண்டிக்கும்போது எழும் மின்பொறியை அணைக்காது), இரண்டு மூன்று நாள் உழைப்பு, எரிந்தால் மீண்டும் அதே பெட்டி கிடைக்கும் என்ற உறுதியின்மை. வண்டி நின்றாலும் வருமானத்தை இழக்காதவருக்கு இவை சிறியவை. ஈய அமில பற்றரி, ஒருவர் அல்லது இருவர், நகருக்குள் தட்டையான தார் வீதி என்றால் இந்தத் தெரிவு போதும். தையற்கடைக்காரருக்கு இதையே சொன்னேன்.

தெரிவு இரண்டு: கையேடும் மென்பொருளும் உள்ள கொன்ட்ரோலர்

கெலி, வோட்டோல், பார்டிரைவர் போன்ற பெயர்களில் வருபவை இவை. வயர் வரைபடம் கிடைக்கும். கணினி வழியாகவோ, சிலவற்றில் புளூடூத் மூலம் தொலைபேசிச் செயலி வழியாகவோ எல்லைகளை நீங்களே எழுதலாம். பற்றரி மின்னோட்டம் இவ்வளவு, மோட்டர் மின்னோட்டம் இவ்வளவு, 56 வோல்ட்டில் விசையைக் குறைக்கத் தொடங்கு, மின்னைத் திருப்பாதே என்றெல்லாம் கட்டளையிட முடிகிறது. ஹோல் பொருத்தத்தையும் தானே கற்றுக்கொள்ளும். பழுது ஏற்பட்டால் குறியீடு காட்டுவதால், ஆக்சிலேட்டரா, சென்சரா, வெப்பமா என்று தேடி அலைய வேண்டியதில்லை.

லித்தியம் பற்றரி வைத்திருக்கும் எவரும், சுமை ஏற்றும் எவரும் வேறு யோசனையின்றி இதற்கே போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பற்றரியின் விலை கொன்ட்ரோலரின் விலையைவிடப் பன்மடங்கு. விலை குறைந்த பெட்டியைக் காப்பாற்றப்போய் விலை கூடிய பற்றரியைப் பணயம் வைப்பதில் கணக்கு இல்லை.

ஆனாலும் செலவு பெட்டியோடு முடிவதில்லை. கணினிக் கேபிள் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். மென்பொருள் சிலவற்றுக்கு விண்டோஸ் கணினியில் மட்டுமே ஓடும். விற்பவர் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் உங்கள் கையிலிருப்பது மீண்டும் பெயரில்லாத பெட்டிதான். ஆகவே வாங்கும்போதே செயலியைத் திறந்து எல்லைகளை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவித்தால் சுங்கத் தீர்வையும் வாரக்கணக்கான காத்திருப்பும் உண்டு. மென்பொருள் தரும் சுதந்திரமும் தீங்காகலாம்: வேகத்தைக் கூட்டும் புலத் தளர்த்தல் என்னும் அமைப்பை இளைஞர்கள் விரும்பி ஏற்றுகிறார்கள். அந்த மிகை வேகத்தில் கொன்ட்ரோலர் திடீரென நின்றால், மோட்டர் பிறப்பிக்கும் வோல்ட் பற்றரியினுடையதைத் தாண்டி மின் பின்னோக்கிப் பாயும். சக்கரம் பிரேக் பிடித்தாற்போல இழுக்கும். கையேட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணும் எதைச் செய்கிறது என்று விளங்கும்வரை, அதைத் தொடாமல் விடுவதே நன்று.

வாழைச்சேனைக்காரர் ஐஸ் பெட்டியோடு மணலில் கிளம்புகிறவர். அவருக்கு நான் கூறியது, பற்றரி மின்னோட்டத்தைக் குறைவாகவும் மோட்டர் மின்னோட்டத்தை அதன் இரண்டு மடங்கு அளவிலும் வைத்துத் தொடங்குங்கள், ஒரு வாரம் மோட்டரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துப் பிறகு கூட்டுங்கள் என்பதே.

தெரிவு மூன்று: திறந்த மூல வெஸ்க்

சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் தொடங்கிய இந்தக் கொன்ட்ரோலர் திட்டத்தில் நிரலும் சுற்றுப்படமும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. மோட்டரை இணைத்ததும் அதன் சுருளின் தடை, தூண்டம், காந்தப் பாயம் ஆகியவற்றைத் தானே அளந்துகொள்ளும். கற்க விரும்புபவருக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கும் நமது பகுதியில், இதைக் கையாளும் மாணவர்கள் உருவாகினால் திருத்துநர்களுக்கும் பெரும் பலன் கிடைக்கும்.

இதில் விழும் குழி வோல்ட் எல்லையே. விலை குறைந்த வெஸ்க் சுற்றுப்பலகைகள் பல, 60 வோல்ட்டையே உச்சமாகக் கொண்டவை. 60 வோல்ட் ஈய அமிலத் தொகுதியோ 20 செல் பொஸ்பேற்றுத் தொகுதியோ சார்ஜ் ஏறும்போது 73 வோல்ட்டுக்குப் போகும் என்பதால், அந்தப் பலகையின் "60" உங்கள் வண்டியின் "60" அல்ல. 100 வோல்ட் தாங்கும் வகையை வாங்கினால் விலை ஏறிவிடும். வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத் தகடும், மழை புகாத பெட்டியும் பலவேளை நீங்களே செய்ய வேண்டியவை. அக்கரைப்பற்று மாணவரின் பற்றரி 48 வோல்ட்; 13 செல், முழுச் சார்ஜில் 54.6 வோல்ட். அவருக்குக் கூட இடைவெளி குறுகியதுதான், ஆயினும் மின் திருப்பலை அணைத்து வைத்துக் கற்றுக்கொள்ள அவருக்கு ஏற்றது இதுவே. நாளைக் காலை வண்டி ஓட வேண்டியவருக்கு அல்ல.

தெரிவு நான்கு: மோட்டரையும் கொன்ட்ரோலரையும் சோடியாக மாற்றுவது

சில வேளைகளில் சிக்கல் கொன்ட்ரோலரில் இல்லை. மோட்டர் வயர்கள் மூன்றையும் கழற்றிய பின்னரும் சக்கரம் கடினமாகச் சுற்றினால் சுருள் எரிந்து குறுஞ்சுற்று ஏற்பட்டிருக்கலாம். கழற்றியதும் இலகுவாகச் சுற்றினால் குற்றம் கொன்ட்ரோலரின் மொஸ்பெட்டில். மோட்டரும் போயிருந்தால், ஆலையிலேயே பொருத்திய சோடியை வாங்குவது உழைப்பை மிச்சப்படுத்தும். மொத்தச் செலவில் இதுவே கூடியது. சக்கர அச்சின் அகலமும் பிரேக் வகையும் பொருந்துமா என்று அளக்காமல் வாங்கினால், பட்டறையில் அச்சு வெட்டும் செலவும் சேரும்.

மழைக்காலத்துக்கு முன்

எந்தத் தெரிவாயினும், பெட்டியை வயர்கள் கீழ்நோக்கி வெளிவரும்படி பூட்டுங்கள். வயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே எடுத்தால் அதன்வழி ஓடும் நீர் சொக்கற்றுக்குள் போகாது. கடற்காற்றில் செப்பு முனைகள் பச்சை பூத்தால் தடை ஏறி, நல்ல கொன்ட்ரோலரும் பழுதுபட்டதைப்போல விட்டு விட்டு நிற்கும். மெல்லிய ஹோல் முனைகளில்தான் இது முதலில் தெரியும். இருக்கைக்குக் கீழே காற்றோட்டமற்ற இடத்தில் பூட்டுவதைவிட, சேற்றிலிருந்து மறைந்த, அலுமினியப் பக்கம் வண்டிச் சட்டத்தோடு ஒட்டிய இடம் மேலானது.

தையற்கடைக்காரர் மாசி மாதத்தில் லித்தியத்துக்கு மாறப்போவதாக நேற்றுச் சொன்னார். அப்படியானால் அவருக்கு நான் சொன்ன விடை மாறுகிறது. இப்போதைய பெட்டியை ஈய அமில பற்றரி முடியும்வரை ஓட்டிவிட்டு, புதிய பற்றரிக்கு ஒதுக்கும் பணத்திலேயே கையேடுள்ள கொன்ட்ரோலருக்கும் சேர்த்து வைக்க வேண்டும்.